வாசகர் கேள்வி – பதில்: இத்தாலிய விருந்துக்கு மேசை பதிவு செய்யலாமா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நான்கு, ஒரே விடயத்தைச் சுற்றி வந்தன: ஆடம்பர ஹோட்டல் ஒன்றில் இருக்கும் இத்தாலிய உணவகத்தில் இடம் பதிவு செய்வதா, விட்டுவிடுவதா என்பதே அது. ஹோட்டல்களின் பெயர்களை நீக்கி, கடிதங்களைச் சுருக்கி இங்கே தருகிறோம்.

கேள்வி: என் அம்மா முப்பது வருடங்களுக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்து, இந்த வருடம் ஓய்வு பெற்றிருக்கிறார். அதை முன்னிட்டு அவரையும் அப்பாவையும் கொழும்பிலுள்ள ஓர் ஆடம்பர ஹோட்டலின் இத்தாலிய உணவகத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று கொழும்பில் வேலை பார்க்கும் தம்பி சொல்கிறான். அம்மாயி, என் கணவர், இரண்டு பிள்ளைகள், தம்பி, நான் என்று மொத்தம் எட்டுப் பேர். அப்பா சுத்த சைவம். அம்மா மீன், கோழி சாப்பிடுவார், மாட்டிறைச்சி தொடமாட்டார். சனிக்கிழமை இரவுக்கு இடம் இருக்கிறதாம்; பாதித் தொகையை முற்பணமாகக் கட்டச் சொல்கிறார்கள். இணையத்தில் படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. அப்பாவோ, “அந்தக் காசுக்கு லயத்துக்கே சோறு போடலாமே” என்கிறார். பதிவு செய்யலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: பதிவு செய்யலாம். ஆனால் சனிக்கிழமை இரவுக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பகலுக்குக் கேளுங்கள். அதற்கும் முன்னால் அம்மாவிடம் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் தம்பி சொன்னது இருக்கிறது, அப்பா சொன்னது இருக்கிறது, ஹோட்டல்காரர்கள் சொன்னதுகூட இருக்கிறது. யாருக்காக இந்த விருந்தோ, அவர் என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை. சொல்லாமல் கூட்டிப்போய்த் திகைக்க வைப்பது இந்தக் காலத்து வழக்கம் என்பது தெரியும். ஆனால் பழக்கமில்லாத சீஸ் வாசனையும் பெயர் தெரியாத பதார்த்தங்களும் நிறைந்த மேசைக்கு முன்னறிவிப்பின்றி வந்து உட்காரும் ஒருவர், பிள்ளைகளின் மனம் நோகக் கூடாதென்று இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் பசியோடு எழுந்து வருவதும் நடக்கும். “கொழும்பில் பெரிய ஹோட்டல், வெளிநாட்டுச் சாப்பாடு, போவோமா அம்மா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் ஆசைப்பட்டால் மீதியைப் படியுங்கள். கோயிலில் ஒரு பூசையும் வீட்டில் ஒரு சாப்பாடும் போதும் என்று அவரே சொன்னால், அப்பா சொல்வதைக் கேட்பதுதான் சரி.

அம்மா சம்மதித்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். ஹோட்டலின் நட்சத்திரக் கணக்கையும் இணையத்துப் படங்களையும் கொண்டு சமையலை எடைபோட வேண்டாம். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழங்கும் நட்சத்திரங்கள் அறைகள், வசதிகள், சேவைகள் என ஹோட்டல் முழுவதையும் பார்த்துக் கொடுக்கப்படுபவை. உங்கள் அப்பாவின் தட்டில் என்ன வந்து விழும் என்பதை அவை சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, வரவேற்பு மேசையோடு நின்றுவிடாமல் உணவகத்துக்கே தொலைபேசி இணைப்பைக் கேட்டு, அதன் முகாமையாளரிடமோ தலைமைச் சமையற்காரரிடமோ பேசுவதுதான். மதியமும் இரவும் பரிமாறும் மும்முரத்தில் அழைக்காமல், பின்னேரம் மூன்று, நான்கு மணிக்கு அழைத்தால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

அப்பாவின் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்க வேண்டியிருக்கும். இத்தாலியச் சமையலில் மரக்கறி உணவு நிறைய உண்டு என்பது உண்மை. ஆனால் அவர்கள் மரக்கறி என்பதும் நாம் சைவம் என்பதும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. பாஸ்தாவின் மேல் துருவித் தூவும் பார்மிஜானோ சீஸை எடுத்துக்கொள்ளுங்கள். பாலில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பாலை உறைய வைப்பதற்குக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனட் என்ற நொதியத்தைத்தான் சேர்க்க வேண்டும் என்பது அந்தச் சீஸின் உற்பத்தி விதி. குறைந்தது 12 மாதம் முதிர வைத்த பிறகே விற்பனைக்கு வருகிறது. கிரானா பதானோ என்ற சீஸுக்கும் கன்றின் ரெனட்தான். பெக்கோரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரெனட். பச்சை நிறத்தில் பார்ப்பதற்குச் சாதுவாகத் தெரியும் பெஸ்தோ விழுதிலும் இந்தச் சீஸ்களே அரைபடுகின்றன. இதையெல்லாம் பொருட்படுத்தாத சைவர்களும் இருக்கிறார்கள். உங்கள் அப்பா எந்தப் பக்கம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு அறிந்து வருந்துவதைவிட, முன்கூட்டியே அறிந்து வேண்டாம் என்பது மேல்.

முட்டையும் அப்படித்தான் மறைந்திருக்கும். சமையலறையிலேயே பிசைந்து செய்த புதுப் பாஸ்தா என்று பெருமையாகச் சொல்லப்படுவதில் பெரும்பாலும் முட்டை உண்டு. பெட்டியில் வரும் உலர்ந்த ஸ்பகெட்டி, பென்னே போன்றவை பொதுவாகக் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டுமே. ஆக, அப்பாவுக்கு இந்த ஒரு விடயத்தில் மட்டும் மலிவானதே நல்லது. ரிசொத்தோ என்ற சோற்றில் கோழி எலும்புச் சாறும் வெள்ளை வைனும் சேர்வது வழக்கம். மினஸ்த்ரோனே என்ற மரக்கறி சூப்பிலும் இறைச்சிச் சாறு இருக்கலாம். இனிப்புகளில் திராமிசுவில் முட்டை உண்டு, பல இடங்களில் மதுவும் உண்டு. பன்னா கொத்தாவை இறுக வைக்கும் ஜெலட்டின் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது.

இவ்வளவும் வாசித்துவிட்டு அப்பாவுக்கு அங்கே ஒன்றுமே கிடைக்காது என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளி, ஒலிவ் எண்ணெய், செத்தல் மிளகாய் மூன்றையும் வதக்கி உலர்ந்த ஸ்பகெட்டியில் புரட்டும் ‘ஆலியோ எ ஓலியோ’வைச் சீஸ் போடாமல் கேட்கலாம். தக்காளியும் மிளகாயும் உள்ளியும் சேர்ந்த ‘அராபியாத்தா’ உறைப்பானது. நம் நாக்குக்கு உடனே பிடிபடும். பீட்சாவில் ‘மரினாரா’ என்பது தக்காளி, உள்ளி, ஒரிகானோ, எண்ணெய் மட்டுமே. பழைய முறைப்படி அதில் சீஸே கிடையாது. கடைசியில் பழச்சாற்றை உறைய வைத்த சோர்பே. இந்த நான்கின் பெயர்களையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இவற்றை முட்டையோ சீஸோ இறைச்சிச் சாறோ இல்லாமல் செய்து தருவீர்களா என்று கேளுங்கள். மறுமுனையில் இருப்பவர் யோசித்து, சமையலறையில் விசாரித்து, “இதற்கு முடியும், இதற்கு முடியாது” என்று பிரித்துச் சொன்னால் தைரியமாகப் பதிவு செய்யலாம். கேள்வியை முடிக்கும் முன்பே “எல்லாம் செய்யலாம், வாங்கோ” என்று சொல்லிவிடுகிற இடத்தை நான் நம்பமாட்டேன்.

அம்மாவுக்குச் சிக்கல் குறைவு. பொலோனேசே சோஸிலும் அதை அடுக்கி வேகவைக்கும் லசான்யாவிலும் மாட்டிறைச்சி வழக்கமாக இருக்கும். ‘வீல்’ என்று எழுதியிருந்தால் அது கன்றிறைச்சி. இவற்றை விட்டுவிட்டு மீனோ இறாலோ கேட்கலாம். அம்மாயிக்கு நொக்கியைச் சொல்லுங்கள்: அவித்து மசித்த உருளைக்கிழங்கில் மாச் சேர்த்துச் செய்யும் சிறு உருண்டைகள், பல் இல்லாதவர்களுக்கும் மெல்லச் சிரமமில்லை. பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் சொல்லத் தேவையில்லை, பீட்சா இருக்கிறது.

அடுத்தது பணம். விலைப்பட்டியலில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் அந்த விலைக்குள் இல்லை என்று பொருள். எட்டுப் பேருக்குப் பட்டியல் விலையில் 40,000 ரூபா வந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணத்தோடு அது 44,000 ஆகும். அதன் மேல் 18 சதவீத வற் வரி சேர்ந்து 51,920 ரூபாவில் நிற்கும். சமூகப் பாதுகாப்பு அறவீடு என்று இன்னொரு வரியையும் சில பற்றுச்சீட்டுகளில் காணலாம். ‘நெட்’ விலை எவ்வளவு என்று கேட்டால் எல்லாம் சேர்த்த தொகையைச் சொல்லுவார்கள். தம்பியின் கடனட்டைக்குக் கழிவு உண்டு என்று விளம்பரம் இருந்தால், அது வார இறுதிக்கும் எட்டுப் பேர் கொண்ட மேசைக்கும் செல்லுமா, பானங்களுக்கும் உண்டா என்பதையும் கேட்டு வையுங்கள். கழிவுகளின் நிபந்தனைகள் எப்போதும் சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

இத்தாலிய விருந்தின் அடுக்கு முறையும் பற்றுச்சீட்டை நீட்டக்கூடியது. தொடக்கத்துக்குச் சில்லறைப் பதார்த்தங்கள், அதன் பின் பாஸ்தா அல்லது ரிசொத்தோ, அதற்கும் பின்னால் இறைச்சி அல்லது மீன், கடைசியில் இனிப்பு என்று அது போகும். மூன்றாவதாக வரும் மீன் தட்டில் பெரும்பாலும் மீன் மட்டும்தான் இருக்கும். மரக்கறி வேண்டுமானால் அதற்குத் தனித் தலைப்பு, தனி விலை. சோறு, கறி, சம்பல் என்று எல்லாம் ஒரே தட்டில் வந்து பழகிய நாம் இதை அறியாமல் ஆளுக்கொன்றாகச் சொல்லிவிட்டுப் பிறகு திகைக்கிறோம். எட்டுப் பேரும் நான்கு கட்டங்களையும் சாப்பிட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தொடக்கத்துக்கு மூன்று தட்டு, பாஸ்தாவும் பீட்சாவுமாக ஆறு, மீனில் இரண்டு என்று நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். பகிர்ந்து சாப்பிடப் போகிறோம் என்று முன்பே சொன்னால் வெற்றுத் தட்டுகளையும் கொண்டுவந்து வைப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபா ஆனது. உங்கள் அம்மா உழைத்த காலத்தின் பெரும்பகுதி அதற்கும் வெகு கீழே கழிந்தது. விலை போட்ட பட்டியலை அவர் கையில் கொடுத்தால், ஒரு தட்டு எத்தனை நாள் சம்பளத்துக்குச் சமம் என்று கணக்குப் போட்டுவிட்டு, “எனக்குப் பசியில்லை, தேத்தண்ணி மட்டும் போதும்” என்றுதான் சொல்வார். ஆகவே என்னென்ன வர வேண்டும் என்பதை இரண்டு நாள் முன்பே தம்பி நேரில் போய் முடிவு செய்யட்டும். அதை ஒரு தாளில் விலையில்லாமல் அச்சிட்டு மேசையில் வைக்கும்படி கேட்டால், பெரிய ஹோட்டல்களில் செய்து கொடுப்பார்கள். மீதிப் பணத்தையும் காசாளரிடம் தனியே போய்க் கட்டிவிடலாம்.

இரவு வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் பாதைதான். ஏழு மணிக்கு உட்கார்ந்தால் எழும்பும்போது பத்தாகும். அதற்குப் பிறகு வான் ஏறி, அவிசாவளை, கித்துல்கல வழியாகக் கினிகத்தேனை வளைவுகளில் ஏறும்போது நடுச்சாமம் கடந்திருக்கும். பனிமூட்டம் இறங்கியிருந்தால் சாரதிக்கு முன்னால் போகும் வண்டியின் விளக்குகூடத் தெரியாது. வயிறு நிறையப் புதுச் சாப்பாட்டோடு அம்மாயியும் பிள்ளைகளும் அந்த வளைவுகளைத் தாங்குவார்களா என்று யோசியுங்கள். பகலென்றால் விடியற்காலையில் புறப்பட்டு, சாப்பிட்டு, கடற்கரையில் சற்று நின்றுவிட்டு இருட்டுவதற்குள் பாதித் தூரம் திரும்பிவிடலாம். சில இத்தாலிய உணவகங்கள் இரவில் மட்டுமே திறப்பவை. அந்த ஹோட்டலும் அப்படியென்றால் தம்பி வேறு ஹோட்டலைப் பார்க்கட்டும்.

தமிழ் பேசும் ஒருவரை மேசைக்குக் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். கொழும்பு ஹோட்டல்களில் நம் தோட்டப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். தலவாக்கலையிலோ பொகவந்தலாவையிலோ பிறந்த பையன் ஒருவன் வந்து நின்று, “அம்மா, இது உறைக்கும், இது உறைக்காது” என்று விளக்கிப் பரிமாறினால் அம்மாவுக்கு அந்த இடத்தின் அந்நியம் பாதி குறைந்துவிடும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் இடமாற்றம் பெற்றுச் செல்லும் அதிகாரிக்குப் பிரியாவிடை விருந்து கொடுக்க இருக்கிறோம். இதே ஊரில் ஒரு பெரிய ஹோட்டலில் முன்பு இத்தாலியச் சாப்பாடு சாப்பிட்டபோது பாஸ்தா நடுவில் வேகாமல் கடினமாக இருந்தது. அதுதான் முறை என்று ஒருவரும், ஏமாற்று வேலை என்று இன்னொருவரும் வாதிட்டார்கள். மறுபடியும் அங்கேயே பதிவு செய்யலாமா?
– வாசகர், நுவரெலியா

பதில்: இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கக்கூடும். இத்தாலியர்கள் பாஸ்தாவைக் குழைய விடுவதில்லை. கடிக்கும்போது பல்லுக்குச் சிறிது எதிர்ப்புக் காட்ட வேண்டும் என்பது அவர்களின் பதம், அதற்கு ‘அல் தெந்தே’ என்று பெயர். ஒரு துண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நட்ட நடுவில் ஊசிமுனை அளவு வெளிர்நிறப் புள்ளி இருக்கலாம், அது குற்றமல்ல. ஆனால் கடிக்கும்போது நொறுங்கினாலோ, பச்சை மாவின் ருசி நாவில் தங்கினாலோ, பல்லில் அப்பிக்கொண்டாலோ அது வேகாத பாஸ்தாதான். பரிமாறுபவரை அழைத்துத் திருப்பி அனுப்பலாம். நல்ல ஹோட்டலில் முகம் சுளிக்காமல் வேறு கொண்டுவருவார்கள்.

உங்கள் ஊருக்கென்று ஒரு காரணமும் சேர்ந்திருக்கலாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் வளியமுக்கம் குறைவதால் தண்ணீர் 100 பாகையில் அல்லாமல் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும், எவ்வளவு காஸ் எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது. பருப்பு வேகக் கூடுதல் நேரம் எடுப்பது ஏன் என்று உங்கள் வீட்டில் அறியாதவர் இருக்கமாட்டார்கள். பாஸ்தாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘பத்து நிமிடம்’ கடலோர ஊர்களுக்கான கணக்கு. கொழும்பிலோ நீர்கொழும்பிலோ பழகிவிட்டு மலைக்கு மாற்றலாகி வந்த சமையற்காரர் மணிக்கூட்டை மட்டும் நம்பி இறக்கினால், பாஸ்தா விறைத்துத்தான் நிற்கும். இந்த உயரத்தில் பாஸ்தா வேகவே வேகாது என்பதல்ல. ஓரிரு நிமிடம் கூடுதலாக விட்டு, கடித்துப் பார்த்து இறக்க வேண்டும், அவ்வளவுதான். ரிசொத்தோவுக்கும் இதே விதி. கடலோரத்திலேயே அதைச் சூடான சாறு ஊற்றி ஊற்றிக் கிண்டி முடிக்கப் பதினெட்டு நிமிடத்துக்குக் குறையாது. பாற்சோற்றைவிடச் சற்று இளக்கமாக, தட்டில் மெல்லப் பரவும் பதத்தில் வர வேண்டும். சொன்ன ஐந்து நிமிடத்தில் உங்கள் மேசைக்கு வந்துவிட்டால் அது முன்பே வேகவைத்துச் சூடாக்கியது.

மறுபடியும் அங்கே போவதா என்பதைத் தீர்மானிக்க, அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் ஒரு சாதாரண நாளில் போய் ஒரு பாஸ்தாவை மட்டும் வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். சோஸும் பாஸ்தாவும் சட்டியிலேயே ஒன்றாகப் புரட்டப்பட்டு, ஒவ்வோர் இழையிலும் சோஸ் பிடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். வெள்ளைப் பாஸ்தாக் குவியலின் தலையில் சோஸை ஊற்றி அனுப்புகிற சமையலறை, மற்ற வேலைகளிலும் அப்படித்தான் இருக்கும். பட்டியல் சிறியதாக இருப்பது நல்ல அறிகுறி. அறுபது எழுபது பதார்த்தங்களைப் போட்டு, இத்தாலிய உணவுக்குப் பக்கத்திலேயே தாய்லாந்து நூடில்ஸையும் மெக்சிகோ ரொட்டியையும் சேர்த்திருந்தால் ‘இத்தாலிய உணவகம்’ என்பது சுவரில் தொங்கும் பலகைக்கு மட்டுமே பொருந்தும்.

பீட்சா உங்கள் கூட்டத்துக்கு முக்கியம் என்றால் விறகு அடுப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். நாப்போலி முறைப் பீட்சா ஏறக்குறைய 485 பாகைச் சூட்டில் 60 முதல் 90 வினாடிக்குள் வெந்துவிடுவது. அந்தக் கைத்தொழிலை 2017 இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிலும் சேர்த்தது. அவ்வளவு சூடு எழாத அடுப்பில் செய்வதும் சாப்பிடக்கூடியதே, ஆனால் அதற்கு ஆடம்பர ஹோட்டல் விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மரக்கறி விடயத்தில் உங்கள் ஊர் ஹோட்டலுக்கே என் வாக்கு. கொழும்பு ஹோட்டல்களின் சலாது இலைகளும் லீக்ஸும் உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து லொறியில் இறங்கிப் போகின்றன. நீங்கள் அவற்றை வெட்டிய நாளிலேயே சாப்பிடலாம். ஏப்ரல் வசந்தகாலத்தில் மட்டும் பதிவு செய்ய வேண்டாம். ஊர் நிரம்பி வழியும் அந்த நாட்களில் எந்தச் சமையலறையும் தன் வழக்கமான தரத்தில் இருப்பதில்லை, விலையோ வழக்கத்தைவிட ஏறியிருக்கும்.

கேள்வி: நிச்சயதார்த்தம் முடிந்திருக்கிறது. வருங்கால மனைவியைக் கண்டியில் ஒரு நட்சத்திர ஹோட்டலின் இத்தாலிய உணவகத்துக்கு அழைத்துச் செல்ல, இரு வீட்டாரும் அனுமதி தந்துவிட்டார்கள். முள்ளுக்கரண்டி பிடித்துச் சாப்பிட்டுப் பழக்கமில்லை. உடை எப்படி இருக்க வேண்டும் என்றும் தெரியவில்லை. அவர் முன்னால் அவமானப்பட்டுவிடுவேனோ என்று பயமாக இருப்பதால், பதிவு செய்யாமலேயே விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.
– இளைஞர், பதுளை

பதில்: விட வேண்டாம், தம்பி. இரு வீட்டார் அனுமதியைப் பெற்ற உங்களுக்கு முள்ளுக்கரண்டி பெரிய காரியமல்ல. ஸ்பகெட்டியில் நாலைந்து இழைகளை மட்டும் முள்ளில் கோத்து, தட்டின் ஓரத்தில் முனையை ஊன்றிச் சுற்றினால் ஒரு வாய்க்கான உருண்டை வந்துவிடும். அதிகம் அள்ளுவதுதான் எல்லோரும் விடும் பிழை. அதுவும் கடினமென்றால் பென்னே போன்ற குட்டையான பாஸ்தாவைச் சொல்லுங்கள், சுற்றவே தேவையில்லை. பீட்சாவைக் கையால் சாப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

மலைநாட்டில் உடைக் கட்டுப்பாட்டுக்குப் பெயர்போனது 1876 இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப். அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு ஆண்கள் கோட்டும் டையும் அணிய வேண்டும் என்ற வழக்கத்தை நெடுங்காலம் கட்டிக் காத்தார்கள். ஹோட்டல் இத்தாலிய உணவகங்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. நீளக் காற்சட்டை, கொலர் வைத்த சேர்ட், மூடிய சப்பாத்து போதும். அரைக் காற்சட்டையும் ரப்பர் செருப்பும்தான் வாசலில் தடுக்கப்படும். உங்கள் வருங்கால மனைவி சேலையில் வந்தாலும் சுரிதாரில் வந்தாலும் எந்த ஹோட்டலிலும் கேள்வி இல்லை.

உட்கார்ந்ததும் தண்ணீர் எது வேண்டும் என்று கேட்பார்கள். போத்தல் தண்ணீருக்குத் தனி விலை உண்டு, அதன் மேல் வரியும் உண்டு. விலையைக் கேட்டுவிட்டுச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. முதலில் வைக்கும் பாண் துண்டுகளை ஒலிவ் எண்ணெயில் தொட்டுச் சாப்பிடலாம், ஆனால் அதிலேயே வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். திகதி குறிக்கும்போது நாட்காட்டியையும் பாருங்கள். போயா தினங்களில் மதுபானம் பரிமாறப்படாததால் அன்றைய இரவு கூட்டமும் சத்தமும் குறைவாக இருக்கும். நீங்கள் இருவரும் மது அருந்தாதவர்கள் என்றால் அதைவிட நல்ல நாள் கிடைக்காது. யன்னலோர மேசை வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேளுங்கள். வாசலுக்குப் போய்க் கேட்டால் சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசைதான் மிஞ்சியிருக்கும்.

கேள்வி: பிள்ளையின் பட்டமளிப்புக்காகக் கண்டி ஹோட்டல் ஒன்றின் இத்தாலிய உணவகத்தில் பத்துப் பேருக்குப் பதிவு செய்து முற்பணமும் கட்டியிருந்தோம். அன்று மண்சரிவால் பாதை மூடப்பட்டுப் போக முடியவில்லை. “வராதது உங்கள் பொறுப்பு” என்று பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். இனி இப்படிப் பதிவு செய்வதே வேண்டாம் என்கிறார் என் மனைவி. உங்கள் கருத்து?
– வாசகர், பண்டாரவளை

பதில்: பணத்தைத் திருப்பிக் கேட்பதைவிட வேறொரு நாளுக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள், பணம் அவர்களிடமே இருப்பதால் பெரும்பாலும் இதற்கு இணங்குவார்கள். தொலைபேசியில் வாதாடாமல், பாதை மூடப்பட்ட திகதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு உணவகத்தின் முகாமையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அன்றைய பத்திரிகைச் செய்தியையோ, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் உங்கள் பிரதேசத்துக்கு விடுத்த மண்சரிவு எச்சரிக்கையையோ இணைத்து அனுப்பினால் உங்கள் வார்த்தைக்குப் பலம் கூடும். அதற்கும் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஆனால் முற்பணம் திருப்பித் தரப்படாது என்று நீங்கள் கையெழுத்திட்ட தாளில் எழுதியிருந்தால், அந்த முறைப்பாட்டால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் மனைவியின் கோபம் நியாயமானது. என்றாலும் பதிவையே கைவிடத் தேவையில்லை, மழைக்காலத்தில் பத்துப் பேருக்கான முற்பணத்தைக் கைவிட்டால் போதும். ஐப்பசி முதல் மார்கழி வரை நம் பக்கத்துப் பாதைகளை நம்பிப் பெருந்தொகை கட்ட வேண்டாம். அந்த மாதங்களில் பதுளையிலோ பண்டாரவளையிலோ கைக்கெட்டிய தூரத்தில் இடம் பாருங்கள். அல்லது முற்பணம் கேட்காத உணவகத்தில் நாலு பேருக்கு மட்டும் பதிவு செய்து, காலையில் பாதை திறந்திருப்பதை அறிந்த பிறகு எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முற்பணம் கட்டியே ஆக வேண்டுமென்றால், பாதை மூடப்பட்டால் திகதி மாற்றித் தரப்படும் என்ற ஒரு வரியை பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.